சைக்கிள் லைட் வாங்கும்போது எத்தனை மணி நேரம் எரியும் என்று கேளுங்கள்

என் சைக்கிள் கடைக்குப் பல வருடமாக வரும் பரோட்டா மாஸ்டர் ஒருவர் போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில், முன் சக்கரம் கோணிப்போன சைக்கிளைப் பாதி தூக்கியும் பாதி தள்ளியும் கொண்டுவந்து நிறுத்தினார். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. அவருக்கு மதுரை கோரிப்பாளையம் பக்கம் வேலை, கல்லைக் கழுவிக் கடை சாத்திக் கிளம்பும்போது ராத்திரி ஒரு மணி ஆகிவிடும், வீடு கருப்பாயூரணிக்கு உள்ளே. மேலமடை வரைக்கும் தெருவிளக்கு வெளிச்சத்தில் வந்துவிடலாம், அதற்கப்புறம் சில இடங்களில் கையில் இருக்கும் வெளிச்சம்தான். அந்த மாதிரி ஓர் இடத்தில் லைட் அணைந்திருக்கிறது, பிரேக் பிடிப்பதற்குள் ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் சக்கரம் ஏறிவிட்டது.

"முந்தாநாள் ராத்திரிகூட நல்லாத்தான் எரிஞ்சுச்சு தம்பி. நேத்து பாதி வழியில பொசுக்குன்னு போயிருச்சு, அணையுறதுக்கு முன்னாடி ஒரு மினுக்குகூட மினுக்கல" என்றார்.

லைட்டை வாங்கிப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் 5000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 9900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருந்ததாம். திருகாணியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு செல். அதை முழுக்க சார்ஜ் ஏற்றி, கடையில் வைத்திருக்கும் அளவு பார்க்கும் கருவியில் மாட்டி இறக்கியபோது 1100 எம்ஏஎச் வந்தது. அவர் ரெண்டு நாளைக்கு ஒருதரம் சார்ஜ் போடுகிறவர், ஒரு ராத்திரிப் பயணம் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் முதல் ராத்திரி வீடு போய்ச் சேரலாம், ரெண்டாவது ராத்திரி பாதியில் நிற்கும். அப்படியேதான் நடந்திருக்கிறது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பெட்டியில் இருந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

அந்தச் செல்லின் பெயர் 18650. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. டார்ச், பவர்பேங்க், சைக்கிள் லைட் என்று பல சாமான்களில் இதுதான் இருக்கிறது. இன்றைக்குக் கிடைக்கிற நல்ல தரமான 18650 செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கும், கொஞ்சம் பெரிதான 21700 செல் 5000 பக்கம். உங்கள் போனைத் திறந்தால் 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ளங்கையை அடைத்துக்கொண்டு கிடக்கும், அப்படியிருக்க கட்டைவிரல் அளவு சாமானுக்குள் 9900 எப்படி அடங்கும்? ஒற்றைச் செல் லைட்டில் அந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். எண்ணில் பொய் சொல்கிறவன் செல்லிலும், செல்லைக் காக்கும் சர்க்யூட்டிலும் உண்மையாக இருந்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி, அதாவது பேட்டரியில் இருக்கும் மொத்த சக்தி, கிடைக்கும். 2000 எம்ஏஎச் என்றால் 7.4 வாட்-மணி. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 முதல் 150 லூமென் தரும், நடுவில் போகும் சர்க்யூட் செலவையும் சேர்த்து வாட்டுக்கு 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 400 லூமென் வேண்டுமானால் 4 வாட், ஆக அந்த லைட் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எரியும். அதே பேட்டரியில் 1000 லூமென் கேட்டால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே கடையில் நின்று நீங்கள் கேட்க வேண்டியது, "இது எத்தனை லூமென்ல எத்தனை மணி நேரம் எரியும்?" என்ற ஒரே கேள்வி. ரெண்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் பதில். நிறையப் பெட்டிகளில் பிரைட் மோடின் லூமெனையும் டிம் மோடின் மணி நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துவிடுகிறார்கள், பார்க்கிறவர் ரெண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்று கேட்டால், தெருவிளக்கு இருக்கும் மாசி வீதி, அண்ணா நகர் மாதிரி இடத்தில் 100, 200 லூமென் தாராளம். அங்கே நீங்கள் பார்ப்பதைவிட அடுத்தவர் கண்ணில் நீங்கள் படுவதுதான் முக்கியம். அழகர்கோவில் ரோடு, சிலைமான் பக்கம், செக்கானூரணியைத் தாண்டி உள்ளே போகிற ஊர் ரோடுகள் என்றால் 300 முதல் 500. அதற்கு மேல் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். ஏன் இந்தக் கணக்கு என்றால், மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் வினாடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறார். குழியைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை வினாடி போய்விட்டால் எட்டு மீட்டர் காலி, அப்புறம் வண்டி நிற்க இன்னும் ஐந்து மீட்டர். ஆக பதினைந்து மீட்டருக்கு முன்னால் இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மழையில் நனைந்த ரோடு, தேய்ந்த பிரேக் கட்டை என்றால் இன்னும் அதிகம்.

இனி நான் மிகவும் வருத்தப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். லைட்டை மாட்டுவது.

என் கடைக்கு வருகிற சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் லைட் ஒன்று வானத்தைப் பார்க்கும், இல்லையென்றால் முன் சக்கரத்துக்கு ரெண்டடி முன்னால் தரையைக் குத்தும். வானத்தைப் பார்த்தால் எதிரே வருகிறவர் கண் போச்சு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழகி முடிக்க இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும், ஒரு பளீர் வெளிச்சம் அதை ஒரு நொடியில் கலைத்துவிடும். வயதானவர்களுக்குத் திரும்பப் பார்வை தெளிய இன்னும் நேரமாகும். எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிற பெரியவர் அந்த நேரத்தில் உங்களையும் பார்க்க மாட்டார், ரோட்டையும் பார்க்க மாட்டார், உங்கள் பக்கமாகவே வந்துகொண்டிருப்பார்.

லைட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் வேறு கோளாறு. தூரம் ரெண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம் கொழுந்துவிட்டு எரிந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, அப்புறம் அந்த வட்டத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் கருப்பாகத் தெரிகிறது. லூமென் கூட்டக் கூட்ட இது மோசமாகும். "பெரிய லைட்டு வாங்கியும் ஒண்ணும் தெரியல" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்வது லைட்டைக் கொஞ்சம் தூக்கிவைத்து, மோடை ஒரு படி குறைப்பது. பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

சரியாக வைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ராத்திரி சைக்கிளைச் சுவருக்கு நேராக ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், ஸ்டாண்டு போடாமல் யாராவது பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்கார்ந்தால் இன்னும் சரியாக வரும். ஹேண்டில்பாரில் லைட் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்துக்குச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. வெளிச்சத்தின் நடுப்பகுதி, அதாவது ரொம்பப் பளிச்சென்று இருக்கிற இடம், அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குள் விழ வேண்டும். லைட் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு முழம் கீழே என்பது ரோட்டில் பதினோரு மீட்டரில் விழும், ஒரு சாண் என்பது இருபது மீட்டரைத் தாண்டி விழும். ரெண்டுக்கும் நடுவில் உங்கள் வேகத்துக்குத் தகுந்த மாதிரி வைத்து முடுக்கிவிடுங்கள். குலுங்கிக் குலுங்கி இறங்கும், மாதம் ஒருதரம் பார்க்க வேண்டும்.

அந்தச் சுவரிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும். டார்ச் மாதிரி வட்டமாக விழுந்தால் பாதி வெளிச்சம் மரத்துக்கும் எதிராளி கண்ணுக்கும்தான் போகிறது. மேல் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருந்தால் அது ரோட்டுக்கென்றே செய்த கண்ணாடி. ஜெர்மனியில் சைக்கிள் லைட் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பத்து மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், மேலே கூச்சம் அடிக்கக் கூடாது என்று. லூமென் என்பது லைட் மொத்தமாகக் கக்கும் வெளிச்சம், லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் வெளிச்சம், நமக்கு வேண்டியது ரெண்டாவது. நம் கடைகளில் அந்த மாதிரி லைட் அதிகம் வருவதில்லை, கிடைத்தால் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் வாங்குங்கள். ஜூம் பண்ணும் டார்ச் லைட் வேண்டவே வேண்டாம், சுவரில் எல்இடியின் சதுரம்தான் தெரியும், சுற்றிலும் இருட்டு.

தலையில் கட்டும் லைட்டை மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் குழியின் நிழல் குழிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், ரோடு சமமாக இருப்பதுபோல் தோன்றும். ஹேண்டில்பாரிலிருந்து போகும் வெளிச்சம்தான் பள்ளத்தையும் பெயின்ட் அடிக்காத வேகத்தடையையும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

முன்னால் கூடை இருக்கும் சைக்கிள்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கிற சைக்கிளில் டியூஷன் முடித்து எட்டரை, ஒன்பதுக்கு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், ஹேண்டில்பாரில் லைட், அதற்கு முன்னால் கூடை, கூடைக்குள் புத்தகப் பை. லைட் பையை மட்டும்தான் காட்டுகிறது. கூடையின் முன்பக்கக் கம்பியிலோ, கீழே முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலோ ஒரு கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை, பெற்றோர் தயவுசெய்து இதை ஒருதரம் பாருங்கள். ஃபோர்க்கில் மாட்டினால் வெளிச்சம் தாழ்விலிருந்து போவதால் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழும், அதற்குப் பிள்ளைகள் ரெண்டு நாளில் பழகிவிடுவார்கள். லைட்டும் கிளாம்பும் சக்கரத்தில் சிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் சுற்றிப் பாருங்கள்.

மினுக்கும் மோட் பகலுக்கு. இருட்டில் விட்டுவிட்டு எரியும் வெளிச்சத்தைப் பார்த்து அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எதிராளியால் கணிக்க முடியாது, உங்களுக்கும் ரோடு துண்டு துண்டாகத்தான் தெரியும். தை மாதத்தில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டோரம் கூட்டமாகப் போவார்கள், சித்திரையில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு ராத்திரி முழுக்க அழகர்கோவில் ரோட்டில் சனம் இருக்கும், அங்கெல்லாம் டிம்முக்கு மாற்றி மெதுவாகப் போங்கள். பின்னால் சிவப்பு லைட் கட்டாயம் வேண்டும், மட்கார்டில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர், பெடலில் ரிஃப்ளெக்டர். பெடல் ரிஃப்ளெக்டர் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பின்னால் வரும் லாரி டிரைவருக்கு இது சைக்கிள் என்று தூரத்திலேயே புரிந்துவிடும்.

மழைக்கு ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஐபிஎக்ஸ்6 இருந்தால் நல்லது. ஆனால் அந்த எண் எல்லாம் சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி ஒழுங்காகப் பொருந்தியிருக்கும் வரைக்கும்தான். நனைந்து வந்த லைட்டை அப்படியே சார்ஜ் போடாதீர்கள், ஓட்டைக்குள் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின்கள் துருப்பிடித்துவிடும், என்னிடம் சார்ஜ் ஏறவில்லை என்று வருகிற லைட்டுகளில் பாதி இதுதான். இன்னொன்று, டைப்-சி ஓட்டை இருக்கும் சில மலிவு லைட்டுகள் ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கிற கேபிளில் சார்ஜ் ஏறாது, உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைக்காமல் விட்டிருப்பார்கள். லைட் கெட்டுப்போச்சு என்று தூக்கிப்போடுவதற்கு முன் பழைய யுஎஸ்பி சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

மே மாத வெயிலில் சைக்கிளை நிறுத்தும்போது லைட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது, சுட்டுக்கொண்டிருக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது. படுக்கையில், தலையணைப் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதை விட்டுவிடுங்கள், தரையில், கண் பார்வையில் போடுங்கள். லைட்டின் உடம்பு உப்பியிருந்தாலோ மூடி விலகியிருந்தாலோ அது முடிந்தது, அதைக் குத்திப் பார்க்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம், பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் கொடுங்கள்.

மாஸ்டருக்குப் புது லைட் கொடுத்தபோது, எண்ணை நம்பாமல் வீட்டில் ஒருதரம் பார்க்கச் சொன்னேன். முழுக்க சார்ஜ் ஏற்றி, தினமும் ஓட்டுகிற மோடில் வைத்து, மேசை ஃபேனுக்கு முன்னால் எரியவிட வேண்டும் (ஓடாத சைக்கிளில் காற்றுப் படாது, சூடேறினால் நல்ல லைட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் ஃபேன்), அணைகிற நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில லைட்டுகள் கடைசியில் மங்கலாகிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், சில அவருடைய பழைய லைட் மாதிரி சொல்லாமல் போய்விடும், எது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். 200 லூமெனில் 4 மணி 10 நிமிடம் வந்தது, அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி லைட்டின் அடியில் ஒட்டிக்கொண்டார். இந்த ஆடியில் திரும்பச் செய்து பார்த்தாராம், 3 மணி 50 நிமிடம். "இருபது நிமிசம் கொறஞ்சிருக்கு தம்பி, அதான் இப்ப தெனமும் சார்ஜ் போட்டுர்றேன்" என்றார், பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே.