நல்கை என்று ஒரு சொல் இருக்கிறது

சென்ற மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். தமிழர் மிகுதியாக வாழும் இந்தச் சித்தூர் வட்டாரத்தில் அது வழக்கம். மலையாளத்தில் யோசித்துவிட்டுத் தமிழ் எழுத்தில் அச்சடிப்பதும் வழக்கம்தான். தமிழ்ப் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது: “கிடப்பு நோயாளிகளான மூத்த குடிமக்களின் நீண்டகாலப் பராமரிப்பிற்குப் பரோபகார மானியம் கிடைத்துள்ளது.”

எங்கள் தெருவில் 78 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு, நுனி மடங்கிய இரண்டு பாஸ்புக்குகள். “ஏன் கண்ணு, இது கேஸுக்கு வருகிற மானியம் மாதிரிதானே? இதில் எந்த பாஸ்புக்கைக் கொண்டுபோக வேண்டும்?” என்று கேட்டார்.

அவர் மட்டும் அல்ல. அடுத்த திங்கட்கிழமை துண்டறிக்கை கொடுத்த அமைப்பின் வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். பணம் அமைப்பின் வேலைக்கு வந்தது, யார் கணக்கிலும் விழாது என்பதை விளக்குவதற்குள் அங்கிருந்த தொண்டருக்கு மதியம் ஆகிவிட்டது. வெயிலில் நின்றவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. மானியம் என்று எழுதினால் பாஸ்புக்தான் வரும்.

துண்டறிக்கை மானியம் என்று எழுதியதன் ஆங்கில மூலச் சொல் கிராண்ட் (grant). அதற்கு நான் சொல்லும் தமிழ் நல்கை. கிராண்ட் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் கிடப்பது ‘நம்பு’ என்று பொருள்படும் இலத்தீன் வேர். நம்பி ஒப்படைப்பது என்பது கரு. வேர் பற்றி இவ்வளவு போதும்.

இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் அறக்கட்டளையோ நிறுவனமோ குறிப்பிட்ட வேலை ஒன்றுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, கணக்குக் காட்டும் பொறுப்போடு ஓர் அமைப்புக்குப் பணம் தருகிறது. திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் சொன்ன வேலையைச் செய்தாக வேண்டும். அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய ஜான் ஏ. ஹார்ட்ஃபோர்டு அறக்கட்டளை முதியோர் நலத்துக்கு இப்படித்தான் பணம் தருகிறது. போர்வையும் பழமும் வாங்கிக் கொடுப்பதற்கு அல்ல. மருத்துவமனைகள் முதியவரைப் பார்க்கும் விதத்தையே மாற்றுவதற்கு. 2017இல் அவர்கள் துணைநின்று தொடங்கிய திட்டம் ஒவ்வொரு முதியவரிடமும் நான்கு விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறது: அவருக்கு எது முக்கியம், என்ன மருந்து சாப்பிடுகிறார், மனமும் நினைவும் எப்படி இருக்கின்றன, எழுந்து நடமாடுகிறாரா. இதற்குத் தரும் பணத்தை மானியம் என்று எப்படிச் சொல்வது?

மானியம் நல்ல சொல்தான், அதன் இடத்தில் இருந்தபோது. வடமொழியின் ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்று பொருள். கோயில் பணியாளருக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட நிலம் மானியம் ஆயிற்று. மேளக்காரருக்கு மானியம், நாவிதருக்கு மானியம், நீர் பாய்ச்சுபவருக்கு மானியம். 1963இல் தமிழ்நாட்டில் இப்படி விட்ட நிலங்களுக்கான இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. நிலம் போயிற்று, சொல் அரசு அலுவலகங்களில் தங்கிவிட்டது. உர மானியம், எரிவாயு மானியம், சொட்டுநீர் மானியம் என்று அதற்குக் கை நிறைய வேலை. இன்று தமிழ் பேசும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், மானியம் என்றால் விலையில் அரசு தாங்கும் பங்கு. அது ஆளுக்கு வரும், கணக்கில் விழும்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இதை ஒப்புக்கொள்வதில்லை. “சட்டமன்றத்திலேயே மானியக் கோரிக்கை என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த தலைமுறை நாம். ஊரெல்லாம் சொல்வதை நீங்கள் ஒருவர் மாற்றுவீர்களா?” என்றார். நியாயமான கேள்வி. சட்டமன்றத்தில் அந்தச் சொல் ஊறிவிட்டது. துறைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும் கோரிக்கை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். யாரும் பாஸ்புக்கோடு கோட்டைக்குப் போவதில்லை. இருக்கட்டும். ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் குழுவைத் தமிழ்த் துறைகளில் பலர் ‘நல்கைக் குழு’ என்று எழுதத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. பாடப்புத்தகம் படித்த தலைமுறை அதையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

நண்பர் விடவில்லை. நல்கை என்பது அகராதிக்குள் தூசி படிந்து கிடந்த சொல், தனித்தமிழ்க்காரர்கள் வீம்புக்கு எடுத்து வந்தது, சாதாரண மனிதருக்குப் புரியாது என்றார். இதை அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு சொன்னதுதான் வேடிக்கை. எதிரே பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் மலையாளத்தில் ‘அபேக்ஷ நல்குக’ என்று எழுதியிருந்தது. விண்ணப்பம் கொடு என்பதற்கு மலையாளி தினமும் எழுதுவது நல்குக. அலுவலக அறிவிப்பிலும் செய்தியிலும் அதுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் வாழும் தமிழர் கண்ணிலும் காதிலும் அடிக்கடி படுகிற வினை அது. அதன் பெயர்ச்சொல் வடிவம் மட்டும் நமக்குப் புரியாதாம்! அந்தப் பக்கம், கோயம்புத்தூரில், ‘ஆதரவு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதாத தேர்தல் சுவரொட்டி உண்டா? ‘ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நன்றி’ என்று முடியாத விழா உண்டா?

இதே மலையாளத்தில் ‘மான்யன்’ என்றால் கண்ணியமான மனிதர். பணம் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. ஆக, துண்டறிக்கையின் மானியம் மலையாளக் காதுக்கு ஒன்றாகவும் தமிழ்க் காதுக்கு வேறொன்றாகவும் கேட்கிறது. இரண்டுமே கிராண்ட் அல்ல.

பொருளிலும் நல்கைக்கு ஒரு கனம் இருக்கிறது. பழைய இலக்கியத்தில் நல்குதல் வெறும் கொடுத்தல் அல்ல, அன்போடு கொடுத்தல். அன்பு காட்டுவதே நல்குதல். குறுந்தொகையின் 37ஆம் பாட்டில் தோழி, பிரிந்து போனவர் ‘நல்கலும் நல்குவர்’ என்று தலைவிக்கு ஆறுதல் சொல்கிறாள். அவர் போன வழியில் ஆண் யானை தன் பிடியின் பசியைப் போக்க மரப்பட்டையை உரித்துக் கொடுக்கும் என்கிறாள். படுக்கையில் இருக்கும் கணவருக்குக் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டுகிற எங்கள் தெரு அம்மாவை அந்த யானைக்குப் பக்கத்தில் வைக்கலாம். முதியோரைப் பேணும் வேலைக்கு வரும் பணத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் பார்க்கவில்லை.

நன்கொடை ஏன் ஆகாது என்று சிலர் கேட்பார்கள். நன்கொடை என்றால் ரசீதுப் புத்தகம். கொடுத்தவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தீரா நோயில் கிடப்பவர்களின் வேதனையைத் தணிக்கும் கேரளத்தின் பாலியேட்டிவ் இயக்கம் பெரிதும் அதில் வளர்ந்ததுதான். 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கி, கடைகளில் வைத்த உண்டியல்களிலும் ஊர்க்காரர்களின் சில்லறையிலும் பரவி, 2008இல் மாநில அரசே அதற்கென ஒரு கொள்கையை அறிவிக்கும் அளவுக்கு வந்தது. உண்டியல் பணம் நன்கொடை. மூன்று ஆண்டுக்கு இரண்டு செவிலியர், ஒரு வண்டி, மாதம் இத்தனை வீடு என்று எழுதி வாங்கித் தருவது நல்கை. நிறுவனங்கள் சட்டம் 2013இன்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டிய பணிகளின் பட்டியலில் முதியோர் இல்லமும் பகல்நேர மையமும் இருக்கின்றன. அந்தப் பணத்தையும் நம் செய்திகள் நன்கொடை என்றே எழுதுகின்றன. சட்டப்படி செலவிடுவதில் என்ன நன்கொடை?

முதலைத் தொடாமல் வட்டியில் என்றைக்கும் நடக்கும்படி வைத்த நிதி என்றால் அதற்கும் தனிச்சொல் கல்வெட்டில் இருக்கிறது: நிவந்தம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை விடுவார்கள். அந்த மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை குறையாது. மூப்பு வராத ஆட்டைக் கொண்டு விளக்கெரித்தவர்களின் வழி வந்த நாம், மூப்பு வந்தவர்களின் நெடுநாள் தேவைக்கு இரண்டு ஆண்டு நல்கை கொடுத்துவிட்டு அதற்கு ‘நீண்டகாலத் திட்டம்’ என்று பதாகை கட்டுகிறோம். இது சொல் விளக்கத்தில் வராது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

துண்டறிக்கையின் மற்றச் சொற்களுக்கு வருவோம். பரோபகாரத்தைப் பற்றி அதிகம் வேண்டாம். அறக்கொடை என்றால் தீர்ந்தது. ஆனால் பராமரிப்பை விட மாட்டேன். ‘பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை’ என்று படிக்கிறோம். லிஃப்டுக்குப் பராமரிப்பு, சாலைக்குப் பராமரிப்பு, அப்பாவுக்கும் பராமரிப்பா? குழப்பம் அதோடு நிற்கவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தில் பராமரிப்பு என்றால் பிள்ளைகள் தர வேண்டிய மாதத் தொகை. அதற்கு உச்சவரம்பாகச் சட்டம் சொல்வது 10,000 ரூபாய். அங்கே அது பணம், துண்டறிக்கையில் அது உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, புண் கழுவும் வேலை. முன்னதற்குப் பராமரிப்பு இருந்துகொள்ளட்டும். பின்னதற்குப் பேணல் இருக்கிறது. ‘தந்தை தாய்ப் பேண்’ என்று ஒன்றாம் வகுப்பில் கத்திப் படித்தவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்களாக ஆகியிருக்கிறார்கள்.

‘கிடப்பு நோயாளி’ மலையாளத்தின் ‘கிடப்பு ரோகி’யை அப்படியே இறக்கியது. அங்கே அது இயல்பான சொல். தமிழில் கிடப்பு என்றால் கோப்பு. யாரும் கையெழுத்துப் போடாமல் கிடப்பில் போட்ட நோயாளி என்றுதான் படிக்க முடியும். சில வீடுகளில் அதுவும் உண்மைதான் என்பது வேறு. நான் தூய்மைவாதி அல்ல. பாலியேட்டிவ் என்று ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். கிராண்ட் என்றே எழுதியிருந்தாலும் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன். புரியாதவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். புரிந்ததுபோல் இருந்து தவறாகப் புரிய வைக்கும் சொல்தான் ஆளை வெயிலில் நிறுத்துகிறது.

அந்தத் தொண்டரிடம் ஒரு மாற்று வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: “படுக்கையில் இருக்கும் முதியோரை அவர்கள் வீட்டிலேயே நெடுநாள் பேணுவதற்கு எங்கள் அமைப்புக்கு ஓர் அறக்கொடை நல்கை கிடைத்திருக்கிறது. செவிலியர் உங்கள் வீட்டுக்கு வருவார்.” அச்சுக்குப் போகும் முன் அதை எங்கள் தெரு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“எந்தக் கிழமை வருவார் கண்ணு?”