மணலை விலக்கும் மூங்கில் தட்டி

கோடையில் காசிக்குப் போனால், நடு ஆற்றில் படகை நிறுத்தச் சொல்லி இருபக்கமும் பாருங்கள். மேற்கே 80க்கும் மேற்பட்ட படித்துறைகள், கோயில்கள், மாளிகைகள், கூட்டம். கிழக்கே கரையோரம் பெரும்பாலும் வெறும் மணல்திட்டு. ஒரே ஆற்றுக்கு ஏன் இப்படி இரண்டு முகம்?

விடை தேநீர்க் கோப்பையிலேயே இருக்கிறது. தேயிலைத்தூள் கிடக்கும் தேநீரைக் கரண்டியால் சுற்றிக் கலக்கிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். தூள் ஓரமாக ஒதுங்காமல் அடியில் நடுவே வந்து குவியும். 1926-ல் ஐன்ஸ்டைன் இதைக் கொண்டுதான் ஆறுகள் வளைந்து ஓடுவதை விளக்கினார். சுழலும்போது வேகமான மேல்நீர் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. அடிநீரோ தரையில் உராய்ந்து வேகம் குறைந்துபோவதால், உள்பக்கமாகத் திரும்புகிறது, தூளையும் இழுத்துக்கொண்டு.

காசியில் கங்கை வில்லாக வளைந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் இருப்பது வில்லின் வெளிப்பக்கம். மேல்நீர் வந்து மோதுவது அங்கே, ஆழமும் அங்கே. அடிநீர் மணலை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இவ்வளவு மோதியும் ஊர் கரைந்து போகாததற்குக் காரணம், அது உட்கார்ந்திருக்கும் மேடு. சுண்ணாம்புக் கட்டிகள் கலந்து இறுகிய களிமண் அது.

இந்தக் கங்கைதான் 1986 முதல் தேசிய நீர்வழி 1. மேற்கு வங்கத் துறைமுகமான ஹால்டியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர். 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து கன்டெய்னர் ஏற்றிய கப்பல் காசி வந்து சேர்ந்தது. வளைவுகளில் கப்பலுக்குக் கவலையில்லை. ஒரு வளைவு முடிந்து எதிர்ப்பக்க வளைவு தொடங்கும் இடத்தில், ஆழமான தடம் ஒரு கரையை விட்டு மறு கரைக்குத் தாண்டுகிறது. அங்கேதான் நீர் பரந்து ஆழம் குறையும், மணல் படியும், கப்பல் தரை தட்டும். காசிக்குக் கிழக்கே இருக்கும் காஜிப்பூருக்கும் காசிக்கும் இடையே 2.2 மீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. இயந்திரத்தால் தூர்வாரலாம். ஆனால் இமயமலை மண்ணைச் சுமந்து வரும் ஆறு, வாரிய பள்ளத்தை மறுபடி நிரப்பிவிடும்.

இதற்கு நம் நாட்டில் ஒரு பழைய வழி உண்டு: 'பந்தல்'. நிழலுக்குப் போடும் பந்தல் இல்லை, ஆற்றுக்குள் நிற்கும் மூங்கில் தடுப்பு. மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடியும்போது, ஆழம் குறைந்த இடத்தில் மூங்கில் கழிகளை வரிசையாக ஊன்றுவார்கள். வரிசை ஓட்டத்துக்குக் குறுக்கே நேராக இருக்காது. கப்பல் தடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கழிகளின் மேல்பாதியில் மட்டும் மூங்கில் தட்டிகளைக் கட்டி, கீழ்ப்பாதியைத் திறந்தே விடுவார்கள். சூட்சுமம் முழுவதும் இந்தத் திறப்பில்தான் இருக்கிறது. மணல் குறைந்த மேல்நீர் தட்டியில் பட்டுத் தடத்தின் பக்கம் திரும்பும். அங்கே நீர் கூடுகிறது, வேகம் கூடுகிறது, அடிமண்ணை அரித்து ஆறே தன் தடத்தை ஆழமாக்கிக்கொள்கிறது. மணல் மிகுந்த அடிநீர் திறப்பு வழியே நுழைந்து, தட்டிக்குப் பின்னால் வேகம் தணிந்து சுமையை இறக்கிவிடுகிறது.

முழுவதும் அடைத்திருந்தால் வெறும் அணை. பாதி அடைத்ததால், மணலையும் நீரையும் வேறுவேறு பக்கம் அனுப்பும் கருவியாகிவிட்டது. கோப்பையில் தேயிலைத்தூளைப் பிரித்த அதே மேல்நீர், அடிநீர் வேறுபாடுதான் இங்கும் வேலை செய்கிறது. மோட்டார் இல்லை, எரிபொருள் இல்லை. பொறியியலில் இவ்வளவு அழகான யோசனையை நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்த வெள்ளம் வந்தால் மணல்திட்டுகள் இடம் மாறிவிடும். நீர் வடிந்ததும் புதிதாக ஆழம் பார்த்து, வேறிடத்தில் கழி ஊன்ற வேண்டும்.