ரேடியம் ஸ்டிக்கரும் பாட்டில்ல இருந்த கலப்படமும்

சின்ன வயசுல ரூம் சீலிங்ல ஒட்டுன ரேடியம் ஸ்டார் ஞாபகம் இருக்கா? பேருதான் ரேடியம், இப்ப கடையில நல்லா மினுங்குறது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், கூட துளி யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம். இதே வேலைய மெட்டலே இல்லாம, கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன வச்சே முடிக்கணும்னு கெமிஸ்ட்ரிகாரங்களுக்கு ஆசை.

மாலிக்யூல் மேல யூவி பட்டா எலக்ட்ரான் மேல ஏறும், சாதாரணமா சில நானோசெகண்ட்ல இறங்கிடும், வெளிச்சமும் அதோட காலி. ஆனா ஏறுன எலக்ட்ரானோட ஸ்பின் (மேல, கீழன்னு ரெண்டே திசை இருக்கற சின்ன காந்தம் மாதிரி ஒரு குணம்) திரும்பிட்டா ட்ரிப்லெட்ங்கற நிலைல மாட்டிக்கும், இறங்கணும்னா மறுபடி ஸ்பின் திரும்பணும், அது லேசுல நடக்காதுங்கறதால வெளிச்சம் மெதுவா கசியும். இந்த லேட்டுதான் நமக்கு வேணும். அதுக்குள்ள மாலிக்யூல் ஆடி அசைஞ்சு எனர்ஜிய சூடா தொலைச்சிடக் கூடாது, ஆக்ஸிஜன் வந்து பிடுங்கிடக் கூடாது (அதுவே ஒரு ட்ரிப்லெட்தான், இனம் இனத்தோட சேரும்). ஸ்பின் திரும்ப ப்ரோமின் மாதிரி வெயிட்டான அணுவ சேக்கலாம், ஆனா அது இறங்குற ஸ்பீடையும் கூட்டிடும், அப்புறம் எங்க நீண்ட நேரம் மினுங்குறது!

கிரிஸ்டலா இறுக்கி அடுக்குனா ஆட்டம் நிக்கும்னு கார்பசோல்ங்கற மாலிக்யூல வச்சு நிறைய பேர் பேப்பர் போட்டாங்க. 2020ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல பின் லியுங்கற விஞ்ஞானியோட டீம் கடையில வாங்குன கார்பசோல விட்டுட்டு லேப்ல தாங்களே செஞ்சு பாத்தாங்க, மினுக்கம் கிட்டத்தட்ட போயே போச்சு. என்னடான்னு நோண்டுனா, கடை பாட்டில்ல அரை சதவீதத்துக்கும் கம்மியா ஒரு ஐசோமர் இருந்திருக்கு, அதே அணுக்கள், அதே எடை, வளையம் மட்டும் வேற இடத்துல ஒட்டியிருக்கு. அத திரும்ப சேத்ததும் மினுக்கம் வந்துடுச்சு. பாலுல உறைமோர் விட்ட கதைதான். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது, சுத்தமா இருக்கறதா நினைச்ச பாட்டில்தான் ஹீரோங்கறது.

2017லயே ஜப்பான் கியூஷூ பல்கலைக்கழகத்துல காபேவும் அடாச்சியும் வேணும்னே உறை ஊத்தியிருந்தாங்க, ஒரு மாலிக்யூல்ல இன்னொண்ண ஒரே ஒரு சதவீதம் கலந்து உருக்கி ஆறவிட்டாங்க. லைட் பட்டதும் எலக்ட்ரான் ஒண்ணுகிட்ட இருந்து இன்னொண்ணுக்குத் தாவி, மாலிக்யூல் மாலிக்யூலா ஊர் சுத்திட்டு, மெதுவா வீடு திரும்புறப்ப வெளிச்சம் விடுது, ஒரு மணி நேரத்துக்கும் மேல. ஆனா காத்து பட்டா அவ்ளோதான், அதனால சாம்பிள நைட்ரஜன்ல மூடியே வச்சிருந்தாங்க.