காயத்தின் தயவில் வளரும் முடி

பெட்டியைப் பிரித்தபோது பெயின்ட் அடிக்கும் ரோலரின் குட்டி போலத்தான் இருந்தது. பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருளை, உருளை முழுக்கப் பலாப்பழத் தோல் மாதிரி ஊசிகள். விரலை மேலே வைத்தால் குறுகுறுக்கிறது; கொஞ்சம் அழுத்தினால் சுருக்கென்கிறது. டெர்மாரோலர் என்று பெயர். முடி கொட்டிய இடத்தில் இதை உருட்டினால் முடி திரும்ப வரும் என்கிறார்கள். கேட்டால் ஏதோ நேர்த்திக்கடன் போல இருக்கிறது. ஆனால் விஷயம் அவ்வளவு அபத்தமானதல்ல.

இந்தக் கருவி முடிக்காகப் பிறந்ததே இல்லை. 1997இல் கமிராண்ட், டூசே என்ற கனடாக்காரர்கள் இருவர், மை ஊற்றாத டாட்டூ ஊசியால் பழைய தழும்புகளைக் குத்திவிட்டது பற்றி எழுதினார்கள். தழும்பு மிருதுவானது, நிறமும் தேறியது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் இதே யோசனையில் இறங்கி, பிறகு ஊசி பதித்த உருளையாக அதை வடிவமைத்தார். முகத்தழும்பு, சுருக்கம், அம்மைத் தழும்பு என்று போய்க்கொண்டிருந்த கருவி, அப்புறம்தான் தலைக்கு ஏறியது.

ஊசி தோலுக்குள் போய் வெளியே வந்தால் என்ன நடக்கிறது? துளை ஒரு நாளுக்குள் மூடிவிடும். ஆனால் உடம்பைப் பொறுத்தவரை அதுவும் காயம்தான். முதலில் ரத்தத் தட்டணுக்கள் வந்து ஓட்டையை அடைக்கின்றன. அடைக்கும்போதே தங்களிடம் உள்ள வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களைக் கொட்டுகின்றன. சில, செல்களைப் பெருகச் சொல்லும். சில, புது ரத்தக் குழாய்களை இழுத்து வரும். அடுத்து வெள்ளணுக்கள் வந்து குப்பையை அள்ளும். அதன் பின் நார்ச்செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத நாரை நெய்யும். இதெல்லாம் காயத்தை ஆற்ற நடக்கும் ஏற்பாடு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சமையல்காரர் நமக்கும் ஒரு வாளி சாம்பார் கொடுத்துவிட்டுப் போவதுபோல, அங்கே இருக்கும் மயிர்க்காலுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது.

அப்படியானால் அங்கே மயிர்க்கால் இருக்க வேண்டுமே? பெரும்பாலும் இருக்கிறது. ஆண்களுக்கு விழும் வழக்கமான வழுக்கையில் மயிர்க்கால் உடனே சாவதில்லை, சுருங்குகிறது. டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோனைத் தாங்காத மயிர்க்கால்களில், 2 முதல் 6 ஆண்டுகள் நீள வேண்டிய வளரும் பருவம் சில மாதங்களாகக் குறுகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னைவிட மெலிந்து வருகிறது. சொட்டை விழ ஆரம்பித்த இடத்தை வெயிலில் உற்றுப் பார்த்தால் பூனைமுடி தெரியும். அதைப் பழையபடி தடிக்க வைப்பதுதான் வேலை. பல ஆண்டு பளபளத்துப் போன தலையில் எழுப்புவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

காயத்தால் மயிர்க்காலே புதிதாக முளைக்கும் என்று சிலர் சொல்வதற்கு ஓர் எலி காரணம். 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரேலிஸின் குழு, வளர்ந்த எலிகளின் முதுகில் பெரிய காயம் உண்டாக்கி ஆறவிட்டது. காயத்தின் நடுவில் புத்தம் புதிய மயிர்க்கால்கள் தோன்றின. கருவில் முடி உருவாகும்போது வேலை செய்யும் ‘வின்ட்’ என்ற சமிக்ஞை அங்கே மறுபடி எழுந்திருந்தது. அதை அடக்கினால் முடி குறைந்தது, கூட்டினால் பெருகியது. வந்த முடியில் நிறம் மட்டும் இல்லை, வெள்ளையாக வந்தது. அபாரமான கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தக் காயம் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தோலையே எடுத்த காயம், எலிக்கு. ஊசிக்குத்து அந்த ரகமல்ல. எலிக்கதையைச் சொல்லி ரோலர் விற்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

மனிதத் தலைக்கு வருவோம். இன்று உலகம் முழுக்க இளைஞர்கள் குளியலறைக் கண்ணாடி முன் ரோலரோடு நிற்கிறார்கள் என்றால், அதற்கு மும்பையில் நடந்த ஓர் ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. 2013இல் ரச்சிதா தூரத்தும் அவருடைய குழுவினரும் அதை வெளியிட்டார்கள். மிதமான வழுக்கையுள்ள 100 ஆண்கள். எல்லோரும் தினம் இரண்டு வேளை மினாக்சிடில் என்ற முடி வளர்க்கும் மருந்தை, 5 சதவீதக் கரைசலாக, தடவினார்கள். பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ரோலர். 12 வாரம் கழித்து, தலையில் குறித்து வைத்த இடத்தில் முடியை எண்ணியபோது, மினாக்சிடில் மட்டும் தடவியவர்களுக்குச் சராசரியாக 22.2 முடி கூடியிருந்தது. ரோலரும் சேர்ந்தவர்களுக்கு 91.4. தங்களுக்குப் பாதிக்கு மேல் முன்னேற்றம் என்று சொன்னவர்கள் ரோலர் குழுவில் 82 சதவீதம், மற்றதில் 4.5 சதவீதம்.

எண்களைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் இரண்டாவது முறை படிக்கும்போது வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். எண்ணியவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது, சரி. தலையைக் கொடுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஊசி குத்தியதா இல்லையா என்பதை மறைக்க வழியில்லை. மூன்று மாதம் என்பது முடியின் கணக்கில் குறைந்த காலம். ரோலர் மட்டும் தனியாக என்ன செய்யும் என்று பார்க்கத் தனிக் குழுவும் இல்லை. முக்கியமாக, உருட்டியது மருத்துவர்கள். நேராக, குறுக்காக, மூலைவாட்டில் உருட்டி, தோல் லேசாகச் சிவந்ததும் நிறுத்தினார்கள். எவ்வளவு குத்துவது என்ற அளவே அந்தச் சிவப்புதான். வீட்டில் உருட்டுபவரால் பார்க்க முடியாத ஒரே இடம் சொந்த உச்சந்தலை.

(தோல் சிவப்பதை அளவாக வைப்பது நமக்குப் புதிதல்ல. புழுவெட்டு வந்த இடத்தில் சின்ன வெங்காயத்தை நறுக்கி, சிவக்கும் வரை தேய்க்கச் சொல்லும் பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் புழுவெட்டு வேறு நோய், பல சமயம் தானாகவே முளைத்துவிடும். பெயர் வாங்குவது வெங்காயம்.)

மினாக்சிடிலுக்கும் ஊசிக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. 1979இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி வளர்ந்து தொலைக்க, பக்கவிளைவையே வியாபாரமாக்கி 1988இல் தலையில் தடவும் மருந்தாக விட்டார்கள். தடவுவதில் சராசரியாக 1.4 சதவீதம்தான் தோலைத் தாண்டி உடம்புக்குள் போகிறது. தோலின் மேலடுக்கு அவ்வளவு கெட்டியான மதில். ரோலர் அந்த மதிலில் நூற்றுக்கணக்கான ஓட்டை போடுகிறது. மருந்து நன்றாக இறங்கும் என்பது நல்ல செய்தி. அது ரத்தத்திலும் இறங்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்து என்பது மறுபக்கம். உருட்டிய கையோடு மினாக்சிடிலைத் தடவிவிட்டுப் படபடப்பு, தலைசுற்றல் என்று உட்கார வேண்டி வரலாம். மும்பை ஆய்வில் உருட்டிய நாளில் மருந்து கிடையாது, 24 மணி நேரம் கழித்துத்தான்.

ஆழமாகக் குத்தினால் அதிகம் முளைக்கும் என்ற கணக்கும் தப்பு. ஈரானில் 0.6 மி.மீ. ஊசியையும் 1.2 மி.மீ. ஊசியையும் ஒப்பிட்டார்கள், சின்ன ஊசி பின்தங்கவில்லை. அடிக்கடி குத்துவது இன்னும் மோசம். அழற்சி அடங்கச் சில நாள், கொலாஜன் சீராகப் பல வாரம் ஆகும். அழற்சி அடங்கும் முன்பே மறுபடி மறுபடி குத்தினால் உடம்பு ஆற்றும் கட்டத்துக்கே வராமல் அழற்சியிலேயே நிற்கலாம், கடைசியில் நார்த்திசுவாக இறுகலாம். வழுக்கையில் சுருங்கும் மயிர்க்காலைச் சுற்றி ஏற்கெனவே இப்படி ஓர் இறுக்கம் உண்டு. அதை நாமே கூட்டிக்கொடுப்பானேன்? வேலை நடப்பது உருட்டாத நாட்களில்தான். நான் பார்த்தவரை, ஆசையில் தினமும் உருட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கருவியிலும் வித்தியாசம் உண்டு. உருளை உருளும்போது ஊசி சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியேறுகிறது, ஆழம் கூடக்கூட உள்ளே கீறல் விழும். முத்திரை குத்துவதுபோல் மேலிருந்து அழுத்தும் ஸ்டாம்ப் நேராக இறங்கும். முடி சுற்றிக்கொண்டு பிடுங்குவதும் இல்லை. சில மலிவு ரோலர்களில் இருப்பவை தனித்தனி ஊசிகளே அல்ல. பல்சக்கரம் போல வெட்டிய தகடுகளை அடுக்கியிருப்பார்கள். நுனி கூராக இல்லாமல் குட்டிக் கத்திபோலத் தட்டையாக இருக்கும். வாங்கியதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எனக்கு அந்தப் புத்தி ஐந்தாவது வாரம்தான் வந்தது. ஒருநாள் ரோலர் கைதவறிக் குளியலறைத் தரையில் விழுந்தது. கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்து, சந்தேகத்தில் பஞ்சின் மேல் ஓட்டினேன். நாலைந்து இடத்தில் நூல் இழுத்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த ஊசிகளின் நுனி தூண்டில்முள் போல வளைந்திருந்தது. வளைந்த முள்ளை எந்த ஆல்கஹாலும் நிமிர்த்தாது. அதோடு தலையில் உருட்டியிருந்தால் குத்தியிருக்காது, கிழித்திருக்கும்.

மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. ஊசிக்கருவிகளுக்கு அனுமதி கொடுத்திருப்பது முகப்பருத் தழும்பு, முகச்சுருக்கம், வயிற்றுத் தழும்பு போன்றவற்றுக்குத்தான். முடிக்கு இல்லை. தோலின் உயிருள்ள அடுக்கைத் தொடும் எந்தக் கருவியையும் வீட்டு உபயோகத்துக்குக் கடையில் விற்க அது அனுமதிக்கவில்லை. சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் குத்திய இடத்தில் புதுத் திட்டு கிளம்பலாம். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, தலையில் கொப்புளம், படர்தாமரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் ரோலர் பக்கம் போகக் கூடாது. ஒரு ரோலரை அண்ணன் தம்பி பங்கு போட்டுக்கொள்வதும் வேண்டாம். ரத்தம் தொட்ட ஊசி, மஞ்சள்காமாலைக் கிருமிகளில் சில பரவும் வழி.

இன்னொன்று: காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடிக்கு இது மருந்தே அல்ல. அது பெரும்பாலும் தானே நின்று, தானே முளைக்கும். நிற்காவிட்டால் பார்க்க வேண்டியது இரும்புச்சத்தையும் தைராய்டையும்.

புது ரோலர் வாங்கியபின் மாதம் ஒரு படம் எடுத்து ஒப்பிடுவதென்று முடிவு செய்தேன். அதே ஜன்னல், அதே வெளிச்சம். முதல் ஞாயிறு உருட்டி முடித்துத் தங்கையிடம் போனைக் கொடுத்து உச்சந்தலையை எடுக்கச் சொன்னேன்.

“எங்கண்ணா சிவந்திருக்கு? சொட்டையில ஒண்ணுமே இல்லையே. நெத்திக்கு மேல முடி நல்லா இருக்கிற இடத்துல போட்டு உருட்டி வெச்சிருக்க.”