பிக்சல்: படப்புள்ளியா, திரைப்புள்ளியா?

1,170 பிக்சல் அகலமுள்ள ஒரு போன் திரையை, இணையப் பக்கத்தின் நிரல் 390 பிக்சல் என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு எண்ணும் சரிதான். அவற்றில் வரும் பிக்சல்தான் வேறு வேறு. ஒளிப்படக் கலைஞர்கள் தங்கள் தளத்துக்குப் படங்களின் அளவை மாற்றும்போது தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

படங்களைக் குறிக்கும் 'பிக்சர்ஸ்' என்ற சொல்லை அமெரிக்காவின் 'வெரைட்டி' இதழ் 1932-லேயே தலைப்புகளில் 'பிக்ஸ்' என்று சுருக்கி எழுதியது. கூறு என்று பொருள்படும் 'எலிமெண்ட்'டின் தலைப்பகுதி அதனுடன் சேர்ந்து 'பிக்சல்' ஆனது. 1965-ல் ஃபிரெடரிக் பில்லிங்ஸ்லி இதை அச்சில் கொண்டுவந்தார். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த அவர், நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன விண்கலங்களின் படங்களைப் பற்றிய கட்டுரைகளில் இச்சொல்லை ஆண்டார். அவர் உண்டாக்கிய சொல் அல்ல, பிறர் சொல்லக் கேட்டது. ஆக, பிறந்தபோது பிக்சல் படத்தின் கூறு. திரையின் கூறுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது பின்னால்தான்.

தமிழில் படவணு, படத்துணுக்கு, படப்புள்ளி என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. அணு, துணுக்கு என்றதும் சிறிய பொருள் ஒன்று மனத்தில் வந்துவிடுகிறது. படக்கோப்பில் இருக்கும் பிக்சலுக்கோ நீள அகலமே கிடையாது. இன்ன இடத்தில் இன்ன நிறம் என்ற குறிப்பு மட்டுமே அது. வடிவியலில் புள்ளிக்கும் இடம் உண்டு, அளவு இல்லை. அதனால் படப்புள்ளியே பொருத்தம். ஜெர்மன் மொழியின் 'பில்ட்புங்க்ட்' என்ற சொல்லுக்கும் நேர்ப்பொருள் இதுதான்.

புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். '15 புள்ளி, 15 வரிசை' என்பது கோலத்தின் கணக்கு. வாசல் பெரிதென்றால் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்போம், எண்ணிக்கை மாறாது. 6,000 × 4,000 என்ற படமும் இப்படித்தான். தளத்துக்கு 72 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்), அச்சுக்கு 300 டிபிஐ என்பதெல்லாம் இடைவெளிக் கணக்கு. அச்சில் 6,000 புள்ளி, அங்குலத்துக்கு 300 வீதம் 20 அங்குலமாக விரியும். உலாவி அந்த எண்ணைப் பொருட்படுத்தாது. 300-ஐ 72 ஆக்கி, புள்ளிகளைக் குறைக்காமல் சேமித்தால் கோப்பு சிறிதாகாமல் இருப்பது இதனால்தான்.

திரையில் ஒளிரும் கண்ணறையைத் திரைப்புள்ளி என்போம். நிரல் எண்ணும் 390-க்கு அலகுப்புள்ளி என்ற பெயரை முன்மொழிகிறோம். அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு என்று இணையத் தரநிலை வகுத்த அலகு அது. மூன்றுக்கும் பெயர் வைத்ததும் கணக்கு தெளிந்துவிடுகிறது: அலகுப்புள்ளியைத் திரையின் அடர்த்தி விகிதத்தால் (ஓர் அலகுப்புள்ளியின் அகலத்தில் எத்தனை திரைப்புள்ளி என்ற எண்) பெருக்கினால் திரைப்புள்ளி; குறைந்தது அத்தனை படப்புள்ளி வேண்டும். அந்த போனில் விகிதம் 3, எனவே 1,170. விகிதம் 2 உள்ள 1,440 அலகு மடிக்கணினிக்கு 2,880.

இந்த 1,170-க்கு 640 அகலப் படத்தை அனுப்பினால் இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்து நிறங்களைக் கொண்டு உலாவி நிரப்பும். முகூர்த்தப் படத்தில் பட்டுச்சேலைக் கரையின் சரிகை இழைகள் ஒன்றோடொன்று கலந்து மஞ்சள் பட்டையாகிவிடும். மாறாக 6,000-ஐ அப்படியே அனுப்பினால் காட்ட முடியாத புள்ளிகளுக்கெல்லாம் பார்ப்பவரின் டேட்டா போகும்.

ஒவ்வொரு படத்துக்கும் 640, 960, 1280, 1920, 2880 என்ற அகலங்களில் பிரதிகள் போதும். மூலக்கோப்பிலிருந்தே ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமித்தால் தரம் தேயும். சிறிதாக்கும்போது அடுத்தடுத்த புள்ளிகள் கலந்து விளிம்பு மழுங்குவதால், கூர்மையாக்குவது கடைசி வேலை. நிறங்களை எண்ணாகக் குறிக்கும் முறையான நிறவெளி, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி-யாக இருக்கட்டும்.

பிரதிகளின் பட்டியல், பக்கத்தின் நிரலில் படத்தைக் குறிக்கும் வரியின் 'எஸ்ஆர்சி-செட்' (srcset) பண்பில் போகும்; பொருத்தமான பிரதியை உலாவி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதோடு நிற்பவர்கள் பலர். படம் எத்தனை அலகுப்புள்ளி அகலத்தில் தோன்றும் என்று 'சைசஸ்' (sizes) பண்பிலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், படம் திரை முழுவதையும் அடைக்கும் என்று உலாவி எண்ணிக்கொள்ளும். மூன்று பத்தி கேலரியில், முன்சொன்ன மடிக்கணினியில், ஒரு படத்துக்கு 480 அலகுதான் இடம்; 960 பிரதி போதும். ஆனால் இறங்குவது 2,880. அகலத்தில் மும்மடங்கு, புள்ளிக் கணக்கில் ஒன்பது மடங்கு.