ட்ரிக்கர் தகராறு செய்தால் திருகைக் கடைசியில் தொடுங்கள்

ஏர் ரைஃபிள் வாங்கிய பலரும் முதலில் மாற்றுகிற பாகம் ட்ரிக்கர்தான். கம்பெனியில் வந்தது கனமாக இருக்கிறது, இழுத்தால் நறநறவென்று வருகிறது என்று வேறொரு யூனிட்டை வாங்கி மாட்டுகிறார்கள். கொஞ்ச நாள் சுகமாக ஓடும். அப்புறம் ஒருநாள் லோடு செய்தால் பிஸ்டன் பின்னால் நிற்காது. அல்லது நிற்கும், ஆனால் ட்ரிக்கர் நகராது. எல்லாவற்றையும்விட மோசம், விரல் படாமலே சுட்டுவிடுவது. உடனே கை ஆலன் கீயைத் தேடும். யூனிட்டில் இரண்டு மூன்று சின்னத் திருகுகள் இருக்கின்றன, அதில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. திருகைத் தொட்டால் இருக்கிற கோளாறோடு இன்னொன்றும் சேரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளின் குழலை மடக்கி லோடு செய்யும்போது பிஸ்டன் பின்னுக்குப் போகிறது. ஒரு தடித்த ஸ்பிரிங் பல பத்துக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு இறுகிக்கொள்கிறது. அது பாயாமல் பிடித்து வைத்திருப்பது சியர் எனப்படும் எஃகுக் கொக்கி. அந்தக் கொக்கியை ஒரு நெம்புகோல் தாங்குகிறது, அதை ட்ரிக்கர் தாங்குகிறது. ஒவ்வொரு படியிலும் விசை குறைந்துகொண்டே வந்து, கடைசியாக இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்கும் இடத்தில் சிறிதளவே மிஞ்சுகிறது. அந்த இரண்டு விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருக்கும் அளவு பல யூனிட்களில் அரை மில்லிமீட்டர்கூட இராது. விரல் செய்யும் வேலையெல்லாம் ஒரு விளிம்பை அந்தத் தூரத்துக்கு வழுக்கி நகர்த்துவதுதான். கடந்துவிட்டால் கொக்கி விடுபட்டு பிஸ்டன் பாய்கிறது. போட்டிக்கான விலையுயர்ந்த ரைஃபிள்களில் பிஸ்டனுக்குப் பதிலாக அழுத்தக் காற்றும், வால்வைத் தட்டும் ஒரு சின்னச் சுத்தியும் இருக்கும். கொக்கியின் கதை அங்கேயும் இதேதான்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மிமீ. சுடும் ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டமே 4.5 மிமீ. குறி பார்த்து நிற்கும் ஒருவரின் விரலடியில் ட்ரிக்கர் ஒரு தடவை தடுக்கி நகர்ந்தால் போதும், துப்பாக்கி முனை அசைந்துவிடும். அதனால்தான் வீரர்கள் ட்ரிக்கரைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறார்கள். சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டலுக்கு ட்ரிக்கர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பே கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: லேசான ட்ரிக்கர் வேறு, சுத்தமாக விடுபடும் ட்ரிக்கர் வேறு. சுடுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது. லேசு என்பதைத் துரத்தும்போதுதான் பாதுகாப்பு கையைவிட்டுப் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கடைசி விளிம்பில் 20 நியூட்டன் அழுத்தம் விழுகிறது என்று வையுங்கள். நல்ல எண்ணெய்ப் படலம் இருந்தால் எஃகுக்கும் எஃகுக்கும் இடையே உராய்வுக் கெழு சுமார் 0.15. அப்படியானால் விளிம்பை நகர்த்த 3 நியூட்டன் போதும். ட்ரிக்கர் நெம்புகோல் அதை நான்கில் ஒன்றாக்கினால் விரலுக்கு வருவது 0.75 நியூட்டன், கிட்டத்தட்ட 76 கிராம் எடை. இப்போது எண்ணெய் காய்ந்து, லேசாகத் துருவும் பிடித்து, கெழு 0.5 ஆகிவிட்டது என்றால் அதே விரலுக்கு 255 கிராம். ஒரு திருகும் நகரவில்லை, ஒரு ஸ்பிரிங்கும் மாறவில்லை, எடை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. கூடியதோடு நிற்காமல் தடுக்கித் தடுக்கியும் வரும். பவுடர் போடாத கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் போகிற மாதிரி. நின்ற பொருளை நகர்த்தத் தேவையான உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிட அதிகம் என்பதால் விளிம்பு நிற்கும், திடீரென்று குதிக்கும், மறுபடி நிற்கும். விரலுக்குத் தெரியும் அந்த நறநற இதுதான்.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். கடற்காற்றோடு வருகிற உப்புத் துகள் சும்மா கிடப்பதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். அதாவது உப்பு படிந்த எஃகு, மழையே பெய்யாவிட்டாலும் இங்கே எப்போதும் மெல்லிய உப்புநீர்ப் படலத்துக்குள்தான் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதியும் இதோடு சேர்கிறது. இங்கே ஒரு வருடம் ஓடிய யூனிட்டைத் திறந்து, சியர் விளிம்பை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு பசை தெரியும். பழைய எண்ணெய், துரு, பொடிமணல் எல்லாம் கலந்த பசை. மணல் எஃகைவிடக் கடினம். அது விளிம்பை ஒவ்வொரு இழுப்பிலும் அரைக்கிறது.

எண்ணெயே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. காலடிப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் ரைஃபிளை என்னிடம் கொண்டுவந்தாள். "அண்ணா, வீட்ல நல்லாத்தான் இருக்கு. ஏசி ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனா மட்டும் ட்ரிக்கர் இறுகிக்குது" என்றாள். திறந்து பார்த்தால் வாசனையே சொல்லிவிட்டது. "தேங்காண்ணெயா விட்டே?" என்றேன். "ஆமாண்ணா, பூட்டுக்கெல்லாம் அதான விடுவாங்க." தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். நம்ம ஊர் வெயிலில் அது எப்போதும் நீர் மாதிரி ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. 22 டிகிரி ஏசியில் ட்ரிக்கருக்குள் வெண்மையாகக் கட்டிக்கொள்ளும். மொபைல் சர்வீஸ் கடைகளில் புழங்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைப் பின்களில் (பாகங்கள் சுழலும் சின்ன அச்சுகளில்) மட்டும் விட்டதோடு வேலை முடிந்தது. (அந்த ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.)

அடுத்த சந்தேகம் மாட்டிய விதத்தின் மேல் வர வேண்டும். "வெயில்ல இரும்பு விரிஞ்சிடுச்சு, அதான் மாட்டிக்குது" என்று சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அலுமினியக் கூட்டில் 30 மிமீ இடைவெளியில் இரண்டு எஃகுப் பின்கள் இருந்தால், 20 டிகிரி வெப்பம் கூடும்போது அலுமினியத்துக்கும் எஃகுக்கும் விரிவில் வரும் வித்தியாசம் சுமார் 7 மைக்ரான். சியர் பிடித்திருப்பதோ 400 மைக்ரான், அதாவது 0.4 மிமீ. அது ஒரு பொருட்டே இல்லை. மரம்தான் வேறு கதை. ஐப்பசி கார்த்திகை மழையில் ரைஃபிளைத் தாங்கும் மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் உப்பும். 40 மிமீ அகலக் கட்டையில் ஈரம் மூன்று சதவீதம் கூடினாலே 0.3 மிமீ அளவுக்கு விரிவு வரலாம். மாற்று யூனிட்டுக்காகக் கட்டையைச் செதுக்கி இடம் செய்திருந்தால், அந்த இடம் இறுகி ட்ரிக்கரின் பக்கவாட்டில் உரசும். உரசினால் ட்ரிக்கர் முழுதாகத் திரும்பி வராது. திரும்பி வராவிட்டால் சியர் பாதிதான் அமரும். கட்டைத் திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலும் இதே கதை: மெல்லிய கூடு நெளிந்து பின்களைப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் கட்டையிலிருந்து ரைஃபிளைக் கழற்றுங்கள். ட்ரிக்கரை விரலால் மெல்ல இழுத்து விடுங்கள். வெளியே சட்டென்று திரும்புகிறது, கட்டைக்குள் மாட்டினால் சோம்பலாகத் திரும்புகிறது என்றால் குற்றவாளி கட்டைதான். உரசும் இடத்தில் மரம் பளபளப்பாகவோ கறுத்தோ இருக்கும். கட்டையைக் கழற்றிய நிலையில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மடக்கி லோடு செய்யாதீர்கள். கொக்கி நழுவினால் குழல் படீரென்று மூடிக்கொள்ளும், நடுவில் இருக்கும் விரல் எலும்பு தாங்காது.

ட்ரிக்கர் முழுதாகத் திரும்பாததன் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அமெரிக்க வேட்டை ரைஃபிளான ரெமிங்டன் 700 ஒரு பாடம். 1962-ல் சந்தைக்கு வந்தது. மைக் வாக்கர் வடிவமைத்த அதன் ட்ரிக்கரில் கனெக்டர் என்று ஒரு சின்னத் தகடு ட்ரிக்கரோடு பிணைக்கப்படாமல் தனியாக நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ட்ரிக்கரைவிட்டு விலகி, மறுபடி வந்து ஒட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு துகளோ கெட்டியான எண்ணெயோ சிக்கிக்கொண்டால் தகடு தன் இடத்துக்கு வராது, சியர் அரைகுறையாகவே நிற்கும் என்பது அதன்மேல் வந்த குற்றச்சாட்டு. பாதுகாப்புப் பூட்டை விடுவித்ததுமே வெடித்தது என்று பல வழக்குகள் போடப்பட்டன. வடிவமைப்பில் குறையில்லை என்றே நிறுவனம் வாதாடியது, ஆனால் கடைசியில் நீதிமன்ற உடன்படிக்கையின்படி ட்ரிக்கர்களை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. வாக்கர் ட்ரிக்கருக்குப் பதிலாக வந்த எக்ஸ்மார்க் புரோ ட்ரிக்கரும் 2014-ல் திரும்பப் பெறப்பட்டது. காரணம், பொருத்தும்போது பூசிய பசை சிலவற்றில் கூடிப்போயிருந்தது. ஒரு துளிப் பசை! இத்தனை பெரிய தொழிற்சாலைக்கே இந்த நிலை என்றால், நாம் வீட்டு மேசையில் திருகுக்குப் போடும் பசை சியர் பக்கம் வழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுத்தம் செய்தாகிவிட்டது, உரசலும் இல்லை, இன்னும் கோளாறு தொடர்கிறது என்றால் இப்போது திருகுக்கு வரலாம். தயாரித்தவர் கொடுத்த தாளைப் பார்த்து, எந்தத் திருகு எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ட்ரிக்கரைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றும். அது எடையை மட்டும் தொடுகிறது. இன்னொன்று விளிம்புகள் ஏறியிருக்கும் அளவையே மாற்றும், ஆபத்து இதில்தான். 0.4 மிமீ பிடிப்பை 0.1 ஆக்கினால் ட்ரிக்கர் அருமையாக இருக்கும், ரைஃபிளைத் தரையில் தட்டினால் சுடும். லோடு செய்தால் பிஸ்டன் நிற்கவில்லை என்பவர்களில் பலர் இந்தத் திருகை ஏற்கெனவே ஒருமுறை திருகியவர்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். திருப்பும் முன் திருகின் தலையில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

விளிம்பை அரம் வைத்து வழுவழுப்பாக்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். ராயபுரத்தில் எந்த லேத் பட்டறையிலும் ஊசி அரம் கிடைக்கும், கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சியர் பலவற்றில் எஃகின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்கு. அதை அரைத்து எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மிருதுவான உலோகம். முதல் நாள் கண்ணாடி மாதிரி இருக்கும், சில நூறு சுடுதலில் விளிம்பு மழுங்கிவிடும். அதோடு விளிம்பின் சாய்வும் மாறும். சரியான சாய்வில் ஸ்பிரிங்கின் அழுத்தமே இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடிக்கும். தப்பான பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் அதே அழுத்தம் அவற்றை வெளியே தள்ளும்.

இதெல்லாம் ஏர் ரைஃபிளுக்குச் சொன்னது. வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி என்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். அதை உரிமம் பெற்ற கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு சில நூறு பெல்லட் சுட்டுவிட்டு யூனிட்டைக் கழற்றி, சியர் விளிம்பை மறுபடி லென்ஸில் பாருங்கள். தேய்மானம் மெல்லிய பளபளப்புக் கோடாக, முழு அகலத்துக்கும் சமமாக இருந்தால் இரண்டு முகமும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. கோடு ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் பின்துளைகள் நேராக இல்லை, பாதிப் பரப்பு மட்டும் முழுச் சுமையையும் தாங்குகிறது என்று அர்த்தம். அந்த யூனிட்டைத் தயாரித்தவருக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அதுவரை பழைய கம்பெனி ட்ரிக்கரையே மாட்டிச் சுடுங்கள்.