பொட்டாசியத்தை ஏன் நேரடியாகச் சிரையில் செலுத்தக் கூடாது?

செவிலியர் படிப்பில் இருக்கும் வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தை எக்காரணம் கொண்டும் நீர்க்கச் செய்யாமல் சிரையில் செலுத்தக் கூடாது, செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதே பாடத்தின் வேறோர் இடத்தில், இரத்தத்தில் பொட்டாசியம் கூடும்போது இதயத்தசைச் செல்லின் மின்னழுத்தம் தூண்டல் எல்லையை, அதாவது துடிப்பு தொடங்கும் அளவை, நெருங்குகிறது என்றும் வருகிறது. எல்லையை நெருங்கிய செல் எளிதாகத் தூண்டப்பட வேண்டும் அல்லவா? அப்படியானால் இதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டுமே, அது ஏன் நிற்கிறது என்பது அவருடைய ஐயம். விதியை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதன் காரணத்தை அவர் தேடியிருக்கிறார். அந்தக் காரணம் உடலியங்கியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளுள் ஒன்று.

அடிப்படையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3,500 மில்லிமோல் (அயனிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேயும், எஞ்சிய 2 சதவீதம் மட்டும் இரத்தத்திலும் செல்களைச் சூழ்ந்த நீர்மத்திலும் உள்ளது. செல்லுக்குள் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும் பொட்டாசியம், இரத்தத்தில் 3.5 முதல் 5 மில்லிமோல்தான். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது செல் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ 1957இல் இதை விவரித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்காக வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரத்த மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் ஆய்வக முடிவில் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தெரிவதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத உயர்ந்த எண் ஒன்று வரும்போது அனுபவமுள்ள செவிலியர் மாதிரியை மீண்டும் எடுக்கச் சொல்வது சரியான செயல்.

இதயத்தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது அதன் சவ்வில் பொட்டாசியம் செல்லும் பாதைகள் பெருமளவு திறந்திருக்கின்றன. உள்ளே மிகுந்திருக்கும் பொட்டாசியம் அவற்றின் வழியாக வெளியே கசிகிறது. ஒவ்வொரு அயனியும் ஒரு நேர் மின்னூட்டத்தை வெளியே கொண்டுபோவதால் உட்புறம் எதிர்மின் தன்மை அடைகிறது. அந்த எதிர்மின் ஈர்ப்பு ஓர் அளவுக்கு மேல் கசிவைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டும் சமநிலை அடையும் மின்னழுத்தத்தைக் கணக்கிட வழி தந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் வால்ட்டர் நெர்ன்ஸ்ட். அவருடைய சமன்பாட்டில் உள்ளே 140, வெளியே 4 என்று இட்டால் ஏறத்தாழ மைனஸ் 95 மில்லிவோல்ட் கிடைக்கிறது. உண்மையான இதயத்தசைச் செல்லில் அளக்கப்படும் மைனஸ் 90க்கு இது மிக நெருக்கமானது. நெர்ன்ஸ்ட் சமன்பாடு கேட்பது விகிதத்தை மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். செல்லுக்குள் 4 மில்லிமோல் கூடினால் 140 என்பது 144 ஆகும், குறிப்பிடும்படி எதுவும் நடக்காது. அதே 4 மில்லிமோல் வெளியே கூடினால் விகிதம் பாதியாகி, மின்னழுத்தம் மைனஸ் 76க்கு ஏறிவிடுகிறது. உடல் முழுவதும் 3,500 மில்லிமோல் இருக்க, இரத்தத்தில் சில மில்லிமோல் கூடுவது உயிரைப் பறிப்பது இதனால்தான்.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். இதயத்தசைச் செல் துடிக்கத் தொடங்குவது சோடியத்தால். சவ்வில் உள்ள சோடியப் பாதை ஒவ்வொன்றிலும் இரண்டு கதவுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். முதல் கதவு ஓய்வில் மூடியிருக்கும். மின்னழுத்தம் ஏறி எல்லையைத் தொட்டவுடன், மில்லிவினாடிக்கும் குறைந்த நேரத்தில், அது திறக்கிறது. சோடியம் வெள்ளமாக உள்ளே பாய்கிறது. இரண்டாவது கதவு ஓய்வில் திறந்திருக்கும். மின்னழுத்தம் ஏறும்போது, முதல் கதவைவிடச் சற்றுத் தாமதமாக, அது மூடிக்கொள்கிறது. இந்தத் தாமதத்தில்தான் துடிப்பு பிறக்கிறது: முதல் கதவு திறந்து, இரண்டாவது கதவு இன்னும் மூடாத அந்த நொடிப்பொழுதில் பாயும் சோடியமே மின்னலையை அடுத்த செல்லுக்குக் கடத்துகிறது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து 1952இல் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த இரட்டை ஏற்பாட்டைக் கணித வடிவில் எழுதினார்கள். பாதையின் உருவத்தை எவரும் கண்டிராத காலத்தில், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் அளந்து அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது. 1963இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒருமுறை மூடிய இரண்டாவது கதவு எப்போது மறுபடி திறக்கும்? நேரம் கடந்தால் மட்டும் போதாது. சவ்வின் மின்னழுத்தம் மீண்டும் மைனஸ் 90ஐ ஒட்டிய ஆழத்துக்கு இறங்க வேண்டும். எலிப்பொறியின் வில்லைக் கடைசிவரை இழுத்து மாட்டினால்தான் பொறி அடுத்த எலிக்குத் தயாராகும். பாதி இழுத்து விட்டால் அது எதையும் பிடிக்காது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கும்போது செல்லுக்கு நேர்வது இதுதான். அது எல்லைக்கு அருகில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் துடிப்புக்குப் பிறகு போதிய ஆழத்துக்கு அதனால் இறங்க முடிவதில்லை. எனவே சோடியப் பாதைகளில் ஒரு பகுதி, இரண்டாவது கதவு மூடிய நிலையிலேயே தங்கிவிடுகிறது. தூண்டல் வரும்போது பாய்வதற்குப் போதிய சோடியப் பாதைகள் மிஞ்சியிருப்பதில்லை.

ஆகவே வாசகரின் எதிர்பார்ப்பு முழுவதும் தவறன்று. பொட்டாசியம் சிறிதளவே கூடும்போது செல் உண்மையிலேயே எளிதில் தூண்டப்படுகிறது. மின்னலை சற்று விரைந்தும் கடத்தப்படலாம். மேலும் ஏறினால் நிலைமை தலைகீழாகிறது. இதயத்தின் மின்செயலைப் பதியும் ஈசிஜியில் டி அலை கூர்ந்து உயர்கிறது. பி அலை தட்டையாகி மறைவதும், கியூஆர்எஸ் பகுதி அகன்றுகொண்டே போவதும் சோடியப் பாதைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு விலகுவதைப் படிப்படியாகக் காட்டுகின்றன. எல்லா நோயாளிகளிடமும் இந்த வரிசை ஒழுங்காகத் தெரிவதில்லை. எச்சரிக்கை எதுவும் காட்டாமலே இதயம் நின்றுவிடுவதும் உண்டு. பொட்டாசியம் 20 மில்லிமோலுக்குப் போனால் நெர்ன்ஸ்ட் கணக்கு மைனஸ் 52 மில்லிவோல்ட் என்கிறது. அந்நிலையில் தயாராக இருக்கும் சோடியப் பாதை கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. இதயம் தளர்ந்த நிலையில் அசைவற்று நிற்கிறது.

இதே விளைவை அறுவை மருத்துவர்கள் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். இதயத்தைத் திறந்து அறுவை செய்ய அது அசையாமல் இருக்க வேண்டும். டெனிஸ் மெல்ரோஸ் 1955இல் பொட்டாசியம் சிட்ரேட்டைக் கொண்டு இதயத்தை நிறுத்திவைக்கும் முறையை வெளியிட்டார். இன்று பயன்பாட்டில் உள்ள அத்தகைய கரைசல்களுள் ஒன்றில் பொட்டாசியம் லிட்டருக்கு 16 மில்லிமோல். அறுவை அரங்கில் இதய-நுரையீரல் இயந்திரம் இரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்தத் துணை இல்லை.

இப்போது பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை, அதாவது அந்த ஊசி மருந்து வரும் சிறு குப்பியை, கையில் எடுத்துப் பார்ப்போம். பரவலாகக் கிடைக்கும் 10 மில்லி ஆம்பூல் ஒன்றில், 15 சதவீதச் செறிவில், 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. உடல் முழுவதிலும் உள்ள 3,500உடன் ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் சிரையில் செலுத்தும் மருந்து உடல் முழுவதும் பரவிய பிறகு இதயத்தை அடைவதில்லை. வலப்புற இதயம், நுரையீரல், இடப்புற இதயம் என்று சென்று, மகாதமனி தொடங்கும் இடத்திலேயே கிளை பிரியும் இதயத் தமனிகளுக்குள் நுழைகிறது. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது என்றால் 10 வினாடியில் கடப்பது ஏறத்தாழ 830 மில்லி. ஆம்பூல் முழுவதையும் 10 வினாடியில் அழுத்தினால் அந்த 830 மில்லியில் 20 மில்லிமோல் கலக்கிறது. லிட்டருக்கு 24 மில்லிமோல் கூடுகிறது. வழியில் ஓரளவு பரவி நீர்த்தாலும், இதயத்தை நிறுத்துவதற்கென்றே தயாரித்த கரைசலின் செறிவை அது எளிதாக எட்டக்கூடும்.

இதே 20 மில்லிமோலை மாத்திரையாகவோ திரவமாகவோ விழுங்கினால், சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு ஒன்றும் ஆவதில்லை. வயது வந்தோர் உணவின் வழியாகவே நாளொன்றுக்குக் குறைந்தது 90 மில்லிமோல் பொட்டாசியம் பெற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. குடல் அதை மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. உணவோடு சுரக்கும் இன்சுலின் அதைத் தசைச் செல்களுக்குள் தள்ளுகிறது. மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிரைவழி செலுத்தும்போது முதல் அரண் இல்லாமல் போவதால், அதன் வேலையைச் செவிலியரின் கைதான் செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலான மருத்துவமனை நெறிமுறைகள் சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோல் என்ற வேகத்தைத் தாண்டவிடுவதில்லை. தொடர்ச்சியான ஈசிஜி கண்காணிப்பு இருந்தால் 20 வரை அனுமதிப்பது வழக்கம். கையிலுள்ள சிறிய சிரை எனில் கரைசலின் செறிவு லிட்டருக்கு 40 மில்லிமோலுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் சிரை எரிந்து வீங்குகிறது. தொடங்கும் முன் சிறுநீர் போதிய அளவு வெளியேறுகிறதா என்று பார்க்கச் சொல்வது, மேலே சொன்ன கடைசி அரண் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் எல்லா மருந்துக்கும் பொதுவானவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை. பொட்டாசியத்துக்கு வேகமும் செறிவும் அவற்றுக்கு இணையானவை. அலகையும் கவனிக்க வேண்டும். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் ஏறத்தாழ 13.4 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. கிராமையும் மில்லிமோலையும் குழப்பிக்கொண்டால் அளவு பல மடங்கு மாறிவிடும்.

பலர் அறியாத ஆபத்து ஒன்று பையைக் கலக்குவதில் இருக்கிறது. செறிந்த பொட்டாசியம் கரைசல் சலைனைவிட அடர்த்தி மிகுந்தது. தாங்கியில் ஏற்கெனவே தொங்கும் பையின் கீழ்ப்பக்க வாயில் அதைச் செலுத்தினால், அது மேலே பரவாமல் அடியில், குழாயின் வாயருகே, அப்படியே தேங்கக்கூடும். பையின் மேல் ஒட்டிய சீட்டில் 40 மில்லிமோல் என்று எழுதியிருக்கும். ஆனால் முதல் சில நிமிடங்களில் நோயாளிக்குள் போவது அதைவிடப் பல மடங்கு செறிந்த திரவமாக இருக்கலாம். அளவு, மருந்து, நோயாளி, பம்ப்பில் இட்ட வேகம் எல்லாம் சரியாக இருந்தும் தவறு நேரும் இடம் இது. அதனால்தான் தொங்கும் பையில் எதையும் சேர்க்காமல், பையை இறக்கிவைத்துச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டிக் கலக்கச் சொல்கிறார்கள். பள்ளியில் படித்த அடர்த்திப் பாடம் ஓர் உயிரைக் காப்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் மேலான தீர்வு, செறிந்த ஆம்பூலை வார்டிலிருந்தே அகற்றுவது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், 1998இல் தொடங்கிய தன் எச்சரிக்கை அறிக்கை வரிசையின் முதல் இதழையே பொட்டாசியம் குளோரைடுக்கு ஒதுக்கியது. உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளுள் பொட்டாசியம் குளோரைடு போன்ற செறிந்த மின்பகுபொருள் கரைசல்களைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று. சலைன், ஊசிக்கான தூயநீர், பொட்டாசியம் மூன்றும் நிறமற்ற திரவங்கள். ஒரே அளவு ஆம்பூல்களில், ஒரே தட்டில் அவற்றை அடுக்கிவைத்துவிட்டு, இரவுப் பணியில் களைத்திருப்பவர் மாற்றி எடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆலையிலேயே கலந்து வரும் பைகளை வாங்கவும், கலக்கும் பணியை மருந்தகத்திடம் ஒப்படைக்கவும், எஞ்சிய ஆம்பூல்களைப் பூட்டிவைத்து இருவர் தனித்தனியே சரிபார்த்த பின்பே எடுக்கவும் நிர்வாகம் பணம் ஒதுக்க வேண்டும். பளபளக்கும் புதிய கருவிகளுக்குக் கிடைக்கும் நிதி இத்தகைய எளிய ஏற்பாடுகளுக்குக் கிடைக்காதது வருத்தத்துக்குரியது.

நோயாளியின் உறவினர்களுக்கும் இதில் பங்குண்டு. மருந்து வேகமாக இறங்கினால் குணமும் வேகமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாட்டில் சீக்கிரம் முடியட்டும் என்று குழாயின் உருளைக் கவ்வியைத் தாங்களே தளர்த்திவிடுகிறவர்கள் உண்டு. சாதாரண சலைனிலேயே அது தீங்கானது. பொட்டாசியம் கலந்த பையில் உயிருக்கே ஆபத்து.

தவறு நேர்ந்து பொட்டாசியம் ஏறிவிட்டால், செலுத்துவதை உடனே நிறுத்திய பின் மருத்துவர்கள் முதலில் கேட்பது கால்சியம் குளுக்கோனேட். கால்சியம் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தில் ஓர் அயனியைக்கூடக் குறைப்பதில்லை. இரட்டை மின்னூட்டம் கொண்ட அந்த அயனிகள் சவ்வின் வெளிப்பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டங்களை மறைத்து, சோடியப் பாதைகள் உணரும் மின்னழுத்தத்தை ஆழமாக்குவதாக விளக்குவார்கள். மூடிய இரண்டாவது கதவுகளில் ஒரு பகுதி மீண்டும் திறக்கிறது. சில நிமிடங்களிலேயே ஈசிஜி சீரடையத் தொடங்கும்; ஆய்வக எண் மட்டும் அப்படியே இருக்கும். இந்தப் பாதுகாப்பு 30 முதல் 60 நிமிடம்தான் நீடிக்கும். அதற்குள் குளுக்கோஸுடன் இன்சுலின் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் திருப்புகிறார்கள், அதுவும் இடமாற்றம்தான். உடலைவிட்டு அதை வெளியேற்றச் சிறுநீரகமோ டயாலிசிஸோ வேண்டும். ஆகவே ஈசிஜி சீரானவுடன் கண்காணிப்பைத் தளர்த்தாமல், பொட்டாசியத்தையும், இன்சுலின் கொடுத்திருப்பதால் இரத்தச் சர்க்கரையையும் அடுத்த பல மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.